டி.பார்ம், பி.பார்ம், பார்ம்.டி: நெல்லைச் சீமையிலிருந்து மருந்தாளுநர் ஆக முழு வழிகாட்டி

வண்ணார்பேட்டையிலோ பாளை மார்க்கெட் பக்கமோ ஒரு மெடிக்கல் ஷாப்பில் ஏறி நின்று சுவரைப் பாருங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு இரண்டு மூன்று காகிதங்கள் தொங்கும். படிவம் 20, படிவம் 21 என்று இருப்பவை கடைக்கான உரிமம். பக்கத்திலேயே மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழ் இருக்கும். அது பட்டம் இல்லை, பதிவு. கல்லூரி தரும் பட்டத்தை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாநில மருந்தியல் கவுன்சிலின் பதிவு இல்லாமல் மருத்துவர் சீட்டுக்கு ஒரு மாத்திரை அட்டை எடுத்துக் கொடுக்கக்கூடச் சட்டத்தில் இடமில்லை. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், பிரிவு 42, அதைத்தான் சொல்கிறது.

அதனால் இந்தப் படிப்பைக் கடைசியிலிருந்து முன்னோக்கித் திட்டமிட வேண்டும். எந்த வேலை, அதற்கு என்ன தகுதி, அந்தத் தகுதியைத் தரும் கல்லூரிக்கு இந்திய மருந்தியல் கவுன்சிலின் (பி.சி.ஐ.) அங்கீகாரம் இருக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். நம் பக்கம் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. முதலில் பஸ் வசதி, அப்புறம் ஃபீஸ், கடைசியில் அங்கீகாரம்.

பதிவுக்கு மூன்று வாசல்

முதல் வாசல் டி.பார்ம், அதாவது டிப்ளமோ. இரண்டு ஆண்டுப் படிப்பு, அதற்கு மேல் 500 மணி நேரப் பயிற்சி. இரண்டாவது பி.பார்ம், அதாவது இளநிலைப் பட்டம். நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். மூன்றாவது பார்ம்.டி. ஐந்து ஆண்டு வகுப்பு, ஆறாவது ஆண்டு மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். முதுநிலைப் பட்டமான எம்.பார்ம் பதிவுக்கான வாசல் இல்லை, அதற்குப் பிறகு ஏறும் மாடி.

சொந்த ஊரில் கடை வைப்பதுதான் எண்ணம் என்றால் டி.பார்ம் போதும். திசையன்விளையிலும் அம்பாசமுத்திரத்திலும் நன்றாக ஓடும் கடைகள் பலவற்றுக்கு அதுதான் அடிப்படை. மருந்துத் தொழிற்சாலை, தரக்கட்டுப்பாடு, மருந்து ஆய்வாளர் பணி என்று மனதில் இருந்தால் பி.பார்முக்குக் குறைந்து எதுவும் உதவாது. மருந்து ஆய்வாளர், அதாவது டிரக் இன்ஸ்பெக்டர், பணிக்குப் பட்டம் கட்டாயம். டி.பார்ம் முடித்து இருபது வருட அனுபவம் இருந்தாலும் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது.

பார்ம்.டி பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. பெயருக்கு முன் 'டாக்டர்' வரும் என்று சொல்லி விற்கப்படும் படிப்பு அது. உண்மையில் அது வார்டில் நோயாளியின் மருந்துச் சீட்டைச் சரிபார்த்து, மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்த்து, அளவைத் திருத்தச் சொல்லி மருத்துவருக்குக் குறிப்புத் தரும் படிப்பு. தாமாக நோயறிந்து சீட்டு எழுதும் அதிகாரத்தை அது தருவதில்லை. இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவு, பிறகு வேறு மூன்று சிறப்புப் பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். ஆகவே கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை எது என்பதுதான் முதல் கேள்வி. விதிப்படி குறைந்தது 300 படுக்கை வேண்டும். பெயர்ப் பலகையில் 300 என்று எழுதி உள்ளே பாதிக் கட்டில் காலியாகக் கிடந்தால் ஆறாவது ஆண்டில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. சேரும் முன் ஒரு வார நாள் காலையில் அந்த மருத்துவமனை வார்டுகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

பி.பார்ம் முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டுப் பார்ம்.டி ஒன்றும் உண்டு. இரண்டு ஆண்டுப் படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். ஒரு கல்லூரிக்குப் பத்து இடம்தான்.

பிளஸ் டூவில் என்ன குரூப்?

இயற்பியலும் வேதியியலும் கட்டாயம். மூன்றாவதாக உயிரியல் அல்லது கணிதம். தாவரவியல், விலங்கியல் எடுத்த பியூர் சயின்ஸ் பிள்ளைகளும் வரலாம், கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களும் வரலாம். காமர்ஸ் குரூப்புக்கு வழியில்லை. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பி.பார்முக்கு நீட் தேவையில்லை. "நீட் போச்சே, இனி எதற்கும் வழியில்லை" என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை ஒருமுறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உயிரியல் படிக்காமல் வருபவருக்கு முதல் செமஸ்டரில் ரெமீடியல் பயாலஜி, கணிதம் படிக்காதவருக்கு ரெமீடியல் மேத்ஸ், அதாவது விட்டுப்போனதை ஈடுகட்டும் பாடங்கள். இரண்டும் கல்லூரி அளவிலேயே நடக்கும் தேர்வுகள், பயப்பட ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் உண்மையில் திணறுவது ரெமீடியலில் இல்லை. அதே செமஸ்டரில் வரும் உடற்கூறியல், உடலியங்கியல் பாடத்தில்தான். கோடை விடுமுறையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தில் மனித உடல் பற்றிய பாடங்களை மட்டும் இரவல் வாங்கிப் படித்துவிட்டுப் போனால் முதல் செஷனலில், அதாவது செமஸ்டர் நடுவே கல்லூரி வைக்கும் தேர்வில், கை நடுங்காது.

கல்லூரியைச் சரிபார்ப்பது

பி.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் படிப்பு வாரியாக இருக்கிறது. அதில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் சேரும் அதே படிப்பின் பெயரில் அங்கீகாரம் இருக்கிறதா? டி.பார்முக்கு அங்கீகாரம் இருந்தால் அதே வளாகத்து பி.பார்முக்கும் இருக்கும் என்று பொருளில்லை. நீங்கள் சேரும் கல்வியாண்டு அதில் அடங்குகிறதா? எத்தனை இடம்? கல்லூரியின் பெயரும் ஊரும் எழுத்து மாறாமல் அதேதானா?

கல்லூரி தரும் அங்கீகாரக் கடிதத்தின் ஜெராக்ஸை மட்டும் நம்ப வேண்டாம். பழைய ஆண்டின் கடிதமாக இருக்கும். பணம் கட்டும் நாளன்று இணையதளப் பக்கத்தைத் தேதி தெரியும்படி அச்செடுத்து ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் இணைப்புக் கல்லூரிகளின் பி.பார்ம், பார்ம்.டி படிப்புகள் சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனி. நம் பக்கத்தில் வள்ளியூர், பணகுடி வட்டாரத்துக்கு வடக்கன்குளத்தில் எஸ்.ஏ. ராஜா பார்மசி கல்லூரி இருக்கிறது. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் கிருஷ்ணன்கோவிலிலுள்ள அருள்மிகு கலசலிங்கம் பார்மசி கல்லூரி வரை போவதுண்டு. அரசுக் கல்லூரிதான் வேண்டும் என்றால் பி.பார்முக்கு மதுரை மருத்துவக் கல்லூரியும் சென்னை மருத்துவக் கல்லூரியும்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. இடம் கொஞ்சம், போட்டி அதிகம். ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று பாளையங்கோட்டைக்காரர்கள் நினைத்தாலும், பி.பார்ம் அரசு இடத்துக்கு மதுரை பஸ்தான் ஏற வேண்டும்.

தொலைதூரக் கல்வியில் பார்மசிக்கு அங்கீகாரமே கிடையாது. "அட்டெண்டன்ஸ் வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று வெளி மாநில இடம் பிடித்துத் தரும் தரகர்கள் ஜூன் மாதம் ஊர் ஊராகச் சுற்றுவார்கள். பதிவுக்குப் போகும்போது கவுன்சில் சான்றிதழ்களை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிச் சரிபார்க்கும். அங்கே சிக்கினால் பணமும் போச்சு, வருடமும் போச்சு.

விண்ணப்பம்

அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் சென்னை கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு வழியாக நிரப்பப்படும். விண்ணப்பம் ஆன்லைனில்தான். பி.பார்ம் அறிவிக்கை வேறு, டி.பார்ம் அறிவிக்கை வேறு, டி.பார்ம் முடித்தவர்கள் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி அறிவிக்கை வேறு. ஒன்றுக்குப் போட்டுவிட்டு மற்றதிலும் பெயர் இருக்கும் என்று காத்திருந்து ஏமாறுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

மதிப்பெண் பட்டியல் வந்த பிறகு சான்றிதழுக்கு ஓடினால் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் முட்டும். ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். வேண்டியவை: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், டி.சி., ஆதார்.

செங்கோட்டை, தென்காசி, காவல்கிணறு பக்கத்துப் பெற்றோர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பா திருவனந்தபுரத்திலோ கொல்லத்திலோ கடை வைத்திருந்து பிள்ளை சில வகுப்புகளை அங்கே படித்திருந்தால், தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கு இருப்பிடச் சான்றிதழ் தனியாகக் கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டிய காகிதம் அது. கலந்தாய்வு அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் கைக்கு வராது. பிளஸ் டூவைத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்காதவர்கள் பல்கலைக்கழகத்திடம் தகுதிச் சான்றிதழும் வாங்க வேண்டியிருக்கும்.

கலந்தாய்வில் இட ஒதுக்கீடு 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொதுப் பிரிவு. மேலப்பாளையம், ஏர்வாடி மாணவர்கள் சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்றே தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையில் வெறும் பி.சி. என்று இருந்தால் மாற்றி வாங்குங்கள்.

பணத்துக்கு: ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். டிப்ளமோவுக்கும் உண்டு, பட்டத்துக்கும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. ஆதாரோடு இணைக்காத வங்கிக் கணக்கில் பணம் வந்து சேராது. சேரும் வாரத்திலேயே வங்கிக்குப் போய் இணைத்துவிடுங்கள்.

பி.பார்முக்குள்ளே

ஒரு தியரி பாடத்துக்கு 100 மதிப்பெண். 75 பல்கலைக்கழகத் தேர்வு, 25 உள்மதிப்பீடு. அந்த 25இல் 15 செஷனலுக்கு, 10 வகுப்புக்கு. அந்தப் பத்திலும் நான்கு வருகைக்கு: 95 சதவீதத்துக்கு மேல் வந்தால் நான்கு, 90க்கு மேல் மூன்று, 85க்கு மேல் இரண்டு, 80க்கு மேல் ஒன்று. 80க்குக் கீழே போனால் மதிப்பெண் மட்டுமல்ல, பரீட்சையே எழுத முடியாது. கோவில் கொடைக்கு ஒரு வாரம், அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம் என்று போட்டால் ஒரு செமஸ்டரில் அந்த 80ஐத் தொட்டுவிடலாம். தேர்ச்சிக்கு 50 சதவீதம், தியரிக்குத் தனியாக, செய்முறைக்குத் தனியாக.

அரியர் வைத்திருப்பவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டு செமஸ்டர் பாடம் முழுவதும் முடிக்காமல் ஐந்தாம் செமஸ்டருக்குள் நுழைய முடியாது. முதல் நான்கு செமஸ்டரும் முடிக்காமல் ஏழுக்குப் போக முடியாது. ஒரே ஒரு பாடத்தில் ஓராண்டு தங்கிப்போவது இந்த இரண்டு கதவுகளில்தான். முதல் ஆண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளினால், இரண்டாவது, மூன்றாவது என்று அடுத்தடுத்த ஆர்கானிக் பாடங்கள் அதன் தோளில் ஏறி உட்கார்ந்துவிடும்.

நான்காம், ஐந்தாம் செமஸ்டரில் மூலிகை மருந்தியல் வரும்போது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பெருமை காத்திருக்கிறது. உலகப் பாடப்புத்தகங்களில் 'டின்னவெல்லி சென்னா' என்று அச்சாகியிருப்பது நம் நிலாவாரை. அதன் இலைதான் மலச்சிக்கலுக்கான சென்னோசைடு மாத்திரைகளின் மூலம். செய்முறைத் தேர்வில் இதையும் அலெக்சாண்டிரியச் சென்னாவையும் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மைக்ராஸ்கோப்பில் நரம்புத் தீவுகளை, அதாவது இலை நரம்புகள் சூழ்ந்த சின்னச் சின்னப் பரப்புகளை, எண்ண வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நம் இலையில் 19.5 முதல் 22.5 வரை, அலெக்சாண்டிரியாவில் 25 முதல் 29.5 வரை. எண்ணும்போது சதுரத்தின் நான்கு ஓரங்களையும் வெட்டும் தீவுகளை எல்லாம் சேர்த்துவிட்டால் எண்ணிக்கை கூடி, நம் இலை அலெக்சாண்டிரியா ஆகிவிடும். இரண்டு ஓரத்தில் வெட்டுவதை மட்டும் சேர்த்து, மற்ற இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

அதே இலைத்தூளுக்கு, அதிலுள்ள ஆந்த்ராகுவினோன் வகைச் சேர்மங்களைக் கண்டுபிடிக்கும் போர்ன்ட்ராகர் சோதனை உண்டு. நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆற வைத்து, ஈதரோ குளோரோஃபார்மோ சேர்த்துக் குலுக்கி, அந்த அடுக்கை மட்டும் பிரித்தெடுத்து அம்மோனியா விட்டால் அம்மோனியா அடுக்கு இளஞ்சிவப்பாகும். நிறம் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இலையில் இல்லை. அடுக்கைச் சரியாகப் பிரிக்காமல் கூடவே வந்த அமிலம் அம்மோனியாவைச் சரிக்கட்டியிருக்கும். ஆறுவதற்குள் ஈதரை ஊற்றுவது இன்னொரு தவறு. ஈதர் ஆவியாகிப் போவதோடு, பக்கத்தில் பர்னர் எரிந்தால் தீயும் பிடிக்கும்.

ஆறாம் செமஸ்டருக்குப் பிறகு தொழிற்சாலை, மருத்துவமனை அல்லது மருந்துக்கடையில் குறைந்தது 150 மணி நேரப் பயிற்சி. நம் வட்டாரத்தில் மருந்துத் தொழிற்சாலைகள் அரிது. சென்னை, புதுச்சேரி, ஓசூர், பெங்களூரு பக்கம்தான் போக வேண்டும். விடுமுறைக்கு மூன்று மாதம் முன்பே கல்லூரிக் கடிதத்தோடு எழுதிக் கேளுங்கள். கடைசி நேரத்தில் தெரிந்த கடையில் கையெழுத்து மட்டும் வாங்கியவர்கள், பிறகு நேர்முகத்தில் "டேப்லெட் கோட்டிங் பேன் பார்த்திருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கே விழுந்துவிடுகிறார்கள்.

டி.பார்ம் வழியாக வருபவர்கள்

குடும்பச் சூழ்நிலையால் முதலில் டி.பார்ம், பிறகு சம்பாதித்துக்கொண்டே யோசித்து பி.பார்ம் என்பது நம் பக்கத்தில் நல்ல வழி. ஆனால் இப்போது அதில் ஒரு வாசற்படி கூடியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு விதிமுறையின் கீழ் டி.பார்ம் படித்தவர்கள் பதிவு பெற எக்சிட் தேர்வு எழுத வேண்டும். முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது. மூன்று தாள், கொள்குறி வினாக்கள், ஆங்கிலத்தில் மட்டும். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம், மூன்றையும் ஒரே முறையில் எடுக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். டி.பார்மில் தேர்ச்சிக்கு 40 போதும், இங்கே 50. அந்தப் பத்து மதிப்பெண் இடைவெளியில்தான் பலர் விழுகிறார்கள். மூன்றாம் தாள் மருந்துச் சட்டமும் கடை நிர்வாகமும். சட்டத்தை லேசாக எண்ணி விட்டுவிட வேண்டாம். எச்1 பட்டியல் மருந்துக்கு (சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்து) தனிப் பதிவேடு, அதில் சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு, மூன்று ஆண்டு பாதுகாப்பு என்பதெல்லாம் தேர்வுக்கும் வேண்டும், கடைக்கும் வேண்டும்.

500 மணி நேரப் பயிற்சியை மூன்று மாதத்துக்குக் குறையாமல் பரப்பிச் செய்ய வேண்டும். அதில் குறைந்தது 250 மணி சீட்டுக்கு மருந்து கொடுக்கும் வேலையாகவே இருக்க வேண்டும். ஸ்டாக் அடுக்குவதும் பில் போடுவதும் அந்தக் கணக்கில் வராது. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு ஓர் உதாரணம். பத்துக் கிலோ குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 150 மில்லிகிராம் பாராசிட்டமால். 5 மில்லியில் 125 உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 250 உள்ளது என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லிதான். சீட்டில் "6 மில்லி" என்று இருக்க, சிரப் இல்லை என்று சொட்டு மருந்தைக் கையில் கொடுத்துவிட்டால் குழந்தைக்குப் போவது நான்கு மடங்கு. பாட்டிலைத் திருப்பி வலிமையைப் படித்து, அம்மாவிடம் அளவு மூடியில் கோட்டைத் தொட்டுக் காட்டி அனுப்பும் பழக்கம் இந்த 250 மணி நேரத்தில்தான் வர வேண்டும்.

லேட்டரல் என்ட்ரியில் மூன்றாம் செமஸ்டரில் நுழைகிறீர்கள். முதல் இரண்டு செமஸ்டர் விலக்கு. ஆனால் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் இரண்டையும் கூடுதலாகப் படித்து முடிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு எட்டாம் செமஸ்டரில் கிரெடிட் குறைகிறது என்று அலைபவர்கள் உண்டு. நுழைந்த உடனேயே இரண்டாம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் பிசிக்கல் பார்மசூட்டிக்ஸும் எதிரே நிற்கும். முதல் ஆர்கானிக் பாடத்தைப் படிக்காமல் அதில் இறங்குவது, நீச்சல் தெரியாமல் தாமிரபரணிக் கசத்தில் இறங்குவது போலத்தான். சேருவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் இரண்டாம் செமஸ்டர் ஆர்கானிக் புத்தகத்தை ஒரு சீனியரிடம் வாங்கிப் படித்துவிடுங்கள்.

பதிவும் அதற்குப் பிறகும்

படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு மருந்தியல் கவுன்சிலில் பதிவு. இங்கே காகிதம் தடுமாறுவது பெரும்பாலும் பெயரில். இசக்கி என்ற பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்கி எழுதியிருப்பார்கள், ஆதாரில் 'ஐ'. இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக. முதல் செமஸ்டரிலேயே ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள். பட்டச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பத்து மடங்கு வேலை.

பதிவைக் காலாவதியாகாமல் புதுப்பித்து வர வேண்டும். அந்தச் சான்றிதழை மாதம் இவ்வளவு என்று வேறொருவர் கடைக்கு வாடகைக்கு விடாதீர்கள். ஊரில் சர்வசாதாரணமாக நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது. ஆய்வு வரும் நாளில் கடையில் உங்கள் பெயர் இருக்கும், நீங்கள் இருக்கமாட்டீர்கள். பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. சொந்தக் கடைக்குச் சில்லறை விற்பனை என்றால் குறைந்தது 10 சதுர மீட்டர் இடமும் பதிவு பெற்ற மருந்தாளுநரும் வேண்டும், குளிரில் வைக்கும் மருந்துக்குப் பிரிட்ஜும் வேண்டும்.

அரசு மருத்துவமனை மருந்தாளுநர் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரிய அறிவிக்கையைப் பார்த்துக்கொண்டிருங்கள், தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. டிரக் இன்ஸ்பெக்டர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. எம்.பார்ம் போக ஜிபேட் தேர்வு எழுதலாம்: 125 கேள்வி, 500 மதிப்பெண், தவறுக்கு ஒரு மதிப்பெண் குறையும். ஜிபேட்டில் தகுதி பெற்று அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.பார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். இரண்டாண்டுக்கு அது சிறிய தொகை இல்லை.

வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் நம் பக்கத்தில் பாதி வீட்டில் உண்டு. அங்கே பட்டத்தையும் பதிவையும் அனுபவக் கடிதத்தையும் மூல நிறுவனத்திடமே சரிபார்ப்பார்கள். கடைக்காரர் தெரிந்தவர் என்று வாங்கிய போலி அனுபவக் கடிதம் அங்கேதான் மாட்டும். அமெரிக்கா என்றால் கணக்கே வேறு. 2003க்குப் பிறகு பட்டம் பெற்ற வெளிநாட்டவருக்கு அவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பார்மசி பாடத்திட்டம் கேட்கிறார்கள். நான்காண்டு பி.பார்மின் மேல் எம்.பார்ம் சேர்த்தாலும் அந்தக் கணக்கு நிறையாது, ஆறாண்டுப் பார்ம்.டி நிறையும். அமெரிக்காதான் குறி என்று இருப்பவர் இந்த முடிவைப் பிளஸ் டூ முடித்த அந்த ஜூன் மாதத்திலேயே எடுத்தாக வேண்டும்.